பெயருக்கு முன்பே வந்த காற்று: ஃபெஞ்சல் புயல், நவம்பர் 2024

2024 நவம்பர் 27-ஆம் தேதி தொடங்கி மூன்று நாட்கள் சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரே கேள்விதான்: புயல் ஆகுமா, ஆகாதா? பள்ளிக்கு விடுமுறை உண்டா என்பதிலிருந்து ரயில் ஓடுமா என்பதுவரை எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது போலப் பேசப்பட்டது. தென்மேற்கு வங்கக்கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. வலுவிழந்தே கரையேறும் என்று அறிக்கை மாறியது. 29-ஆம் தேதி பிற்பகலில் புயலாகிவிட்டது. சவுதி அரேபியா கொடுத்திருந்த பெயர் சூட்டப்பட்டது. அதை ஃபெங்கல் என்பதா, ஃபெஞ்சல் என்பதா என்பதிலும் ஊர் ஒன்றுபடவில்லை. 30-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில் புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தது.

சென்னைக் கரையோரக் குப்பங்கள் சிலவற்றுக்கு அன்றாடக் கடல் வானிலைச் செய்தியைப் படித்து, கரும்பலகையில் எழுதி வைப்பது என் வேலை. அந்த நாட்களில் பலகையின் முதல் வரியில் நான் எழுதியதும் 'புயல் ஆகும்', 'புயல் ஆகாது' என்பதுதான். அது தவறான முதல் வரி என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பெயர் வைக்கப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே அந்தக் காற்று படகுக்கு ஆகாத காற்றாக இருந்தது. ஏன் அப்படி என்பதைக் காற்றின் கணக்கை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிலோமீட்டர் இடைவெளி

இந்திய வானிலை ஆய்வுத் துறை வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் உருவாகும் தாழ்வுகளை மையத்தைச் சுற்றிய நிலையான காற்றின் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறது. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 89-இல் தீவிரப் புயல். 118-இல் மிகத் தீவிரப் புயல். பெயர் சூட்டுவது 62-இல் தொடங்குகிறது. கடல் கணக்கில் சொன்னால் அது 34 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

காற்று ஒரு பொருளின்மேல் செலுத்தும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 61 கிலோமீட்டர் காற்றுக்கும் 62 கிலோமீட்டர் காற்றுக்கும் விசையில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. ஆனால் 45 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டருக்குப் போகும்போது விசை இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிறது. பெயர் சூட்டும் எல்லை விசை பெருகும் இடத்தில் இல்லை. வகைப்படுத்துவதற்கு எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், அதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் கோட்டைப் படகின் பாதுகாப்புக் கோடாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

காற்றின் வலுவை நிலைகளாகப் பிரிக்கும் பழைய பியூஃபோர்ட் அளவீட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 28 முதல் 33 நாட் வரை அதில் ஏழாம் நிலை. நம் ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தின் வரம்பும் சரியாக அதுவே. ஏழாம் நிலையில் திறந்த கடலில் எழக்கூடிய அலையின் உயரமாக அந்த அளவீடு சொல்வது சுமார் 4 மீட்டர். உடைந்த அலையின் வெண்ணுரை காற்றின் திசையிலேயே கோடுகோடாக இழுபடத் தொடங்குவது அந்த நிலையின் அடையாளம். பக்கப்பலகை இடுப்பளவுகூட இல்லாத ஃபைபர் படகுக்கு இதற்குமேல் ஒரு பெயரும் தேவையில்லை.

இன்னொன்று, இந்த வேகங்கள் மூன்று நிமிடச் சராசரிகள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மனப்பாடமான ஒரு வாசகம் உண்டு: சூறாவளிக்காற்று மணிக்கு 55 முதல் 65 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 75 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். ஆழ்ந்த தாழ்வு மண்டல நிலைக்கே வருகிற வாசகம் இது. அந்த 'இடையிடையே' என்ற சொல்லைப் பலரும் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். 60 கிலோமீட்டர் சராசரிக்கும் 75 கிலோமீட்டர் வீச்சுக்கும் இடையில் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. படகு கவிழ்வது சராசரியில் அல்ல, பக்கவாட்டில் வந்து விழுகிற அந்த ஒரு வீச்சில்.

நாட்கள்

25-ஆம் தேதி தாழ்வு மண்டலம். 26-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதன்பின் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி அது மெதுவாக வடக்கு, வடமேற்காக நகர்ந்தது. நிலத்துக்கு அவ்வளவு அருகில் செல்லும் ஒரு மண்டலம் ஒரு பக்கம் கரகரப்பான நிலத்தில் உரசிக்கொண்டே போகிறது. அதன் காற்றோட்டம் சீராகச் சுழல முடிவதில்லை. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேறு வேகத்தில், வேறு திசையில் இழுத்தால் மேகக் கூட்டம் மையத்தின் தலைக்கு மேல் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகம் மேலும் கரையும். இந்த மூன்றும் அளவில் சற்றே மாறினாலும் மண்டலம் 62-இன் இப்பக்கமா அப்பக்கமா என்பது மாறிவிடும். எல்லைக் கோட்டை ஒட்டியே நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பற்றி 'ஆகும்', 'ஆகாது' என்று அறிக்கைகள் மாறிமாறிச் சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கணித்தவர்கள் மேல் அப்போது கொட்டப்பட்ட கோபம் நியாயமானதன்று என்பது என் கருத்து. அந்த நாட்கள் முழுவதும் மீனவர் எச்சரிக்கை விலக்கப்படவே இல்லை. அந்தப் பகுதியை ஒழுங்காகப் படித்தவர் ஏமாந்திருக்க வழியில்லை.

29-ஆம் தேதி காலை பட்டினப்பாக்கத்தில் நின்றேன். ஃபைபர் படகுகளை இழுவை வண்டி கொண்டு உள்சாலை விளிம்புவரை ஏற்றியிருந்தார்கள்; இயந்திரங்களைக் கழற்றி வீட்டுத் திண்ணைகளில் கோணி போர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு படகின் முனையில் கட்டியிருந்த கட்சிக் கொடியின் நுனி நூல்நூலாகப் பிரிந்து, தென்மேற்கைப் பார்த்து விறைத்து நின்றது. நின்ற அரை மணி நேரத்தில் அது ஒருமுறைகூடத் தொங்கவில்லை. பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "இன்னிக்குப் புயலாகுமான்னு சொல்லிடுவாங்க, பெரியப்பா" என்றேன். அவர் நிமிரவில்லை. "பேரு வெச்சா இன்னா, வெக்காட்டி இன்னா, தம்பி? மூணு நாளா வாடை விடல. கடல் உள்ள இருந்து பொங்குது பாரு" என்றார். வாடை என்று அவர் சொன்னது வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை. அன்று பிற்பகல் இரண்டரை மணி நிலவரப்படி அது புயலானது.

30-ஆம் தேதி கரை கடக்கும் நேரம் பிற்பகல் என்றும், மாலை என்றும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இரவானது. கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. சென்னை விமான நிலையம் அன்று மூடப்பட்டு மறுநாள் அதிகாலையில்தான் திறந்தது. நிலத்தில் ஏறிய புயல் புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. தள்ளிச் செல்லும் மேல்காற்று வலுவாக இல்லாதபோது ஒரு மண்டலம் அப்படித்தான் திகைத்து நிற்கும். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேலும், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கும் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தின் துயரம் தனியே எழுத வேண்டிய ஒன்று. இங்கே கடலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாடை, கொண்டல், பிறகு தென்கிழக்கு

மையம் புதுச்சேரியில், காற்று ஏன் சென்னையில்? இதைப் பலர் கேட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலப்பரப்பின் வடக்கே உயரழுத்தம் நிலைத்திருக்கும். தெற்கிலிருந்து ஒரு தாழ்வு நெருங்கும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட கடலில் சமஅழுத்தக் கோடுகள், அதாவது வரைபடத்தில் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், நெருங்குகின்றன. கோடுகள் நெருங்கினால் காற்று கடுமையாகும். ஆகவே நம் கரையில் மையத்துக்கு வடக்கே கடுங்காற்று வெகுதூரம் பரவியிருக்கும். தெற்கே அவ்வளவு தூரம் இருக்காது. மேற்கு நோக்கி நகரும் சுழலின் வடபாதியில் நகரும் வேகமும் சுழலும் வேகமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்வது இன்னொரு காரணம். ஆனால் இவ்வளவு மெதுவாக நகர்ந்த ஃபெஞ்சலில் அதன் பங்கு சிறியது, முதல் காரணமே பெரியது. வரைபடத்தில் மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளியே இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பது இந்தப் பருவத்தில் மிகவும் தவறாகிவிடும்.

மையம் எங்கே என்று கருவி இல்லாமல் அறிய ஒரு வழி உண்டு. டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் சொன்ன விதி அது: நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். 29-ஆம் தேதி வாடைக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் தென்மேற்கே, இடக்கை தென்கிழக்கே. மண்டலமும் அங்கேதான் இருந்தது. மையம் நமக்குத் தெற்கே கரையேறினால் சென்னையில் காற்று வாடையிலிருந்து கிழக்குக் காற்றான கொண்டலாகி, பிறகு தென்கிழக்காகத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் நடந்தால் மையம் நம்மைத் தெற்கே கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வாடை அப்படியே வடக்காகி, வடமேற்காகி, மேற்குக் காற்றான கச்சான் பக்கம் சாய்ந்தால் மையம் நமக்குக் கிழக்கே வடக்கு நோக்கிப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அப்படித்தான் சென்னையைத் தாண்டிப் போய், 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது.

இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கு அன்று. கச்சான் பக்கக் காற்று படகைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். இயந்திரம் நின்றுபோன படகு கண்காணாத இடத்துக்குப் போய்விடும். கொண்டல் கரையை நோக்கித் தள்ளும்; நங்கூரம் நழுவிய விசைப்படகு கற்களில் போய் மோதும், பக்கத்துப் படகின் மேல் ஏறும். காசிமேட்டில் விசைப்படகுகளை இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் டயர் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் வடம் போட்டுக் கட்டுவது கிழக்குக் காற்றை எண்ணித்தான். கொண்டல் நீடித்தால் கூவம், அடையாறு முகத்துவாரங்களில் கடல் உயர்ந்து நின்று ஆற்று நீரை மெதுவாகவே உள்ளே வாங்கும் என்பதையும் சென்னைக்காரர்கள் மறந்துவிடக் கூடாது.

கடல் உள்ளிருந்து பொங்குவது

அலையின் உயரத்தைக் காற்றின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு நேரம் வீசியது, எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் தடையின்றி வீசியது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. விரைந்து கடக்கும் ஒரு புயல் கடுங்காற்றைக் கொண்டுவந்தாலும் கடலைச் சில மணி நேரமே உழுகிறது. 2016 டிசம்பர் 12-இல் சென்னையைத் தாக்கிய வர்தா அப்படிப்பட்டது. நகரம் அதை விழுந்த மரங்களால் நினைவில் வைத்திருக்கிறது. ஃபெஞ்சல் அதற்கு நேர்மாறு. நடுத்தரமான காற்று, ஆனால் ஏறத்தாழ ஒரே திசையிலிருந்து, நாள்கணக்கில்.

பத்து விநாடி இடைவெளியில் வரும் கடல்வீக்கம் ஆழ்கடலில் கூட்டமாக மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட நகராத ஒரு மண்டலத்தை அந்த வீக்கம் எளிதாக முந்திவிடும். 600 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு நாளுக்குள் கரைக்கு வந்து சேரும். உள்ளூர்க் காற்று எழுப்பும் குட்டை அலைக்கும் தொலைவிலிருந்து வரும் நெடிய வீக்கத்துக்கும் இடையில் படகு அகப்பட்டால் அது எந்தப் பக்கம் சாயும் என்று சுக்கான் பிடிப்பவரால் கணிக்க முடியாது. அந்தப் பெரியவர் 'உள்ள இருந்து பொங்குது' என்று சொன்னது இந்த வீக்கத்தை. அலை உயரமாக அறிக்கைகளில் வரும் எண், அலைகளை உயரப்படி அடுக்கினால் மேல் மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனித்த ஓர் அலை அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எழலாம். 3 மீட்டர் என்று எழுதியிருந்தால் 5 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் அந்தக் கடலில் உண்டு என்றே படிக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரத்தோடு அலை இடைவெளியையும் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் இன்னும் குறைவே.

கைப்பேசியில் ஓடும் அம்புகள்

இன்று குப்பத்து இளைஞர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் காற்றுச் செயலி இருக்கிறது. வண்ணத்தில் அம்புகள் ஓடும் அந்தப் படத்தை நானும் தினமும் பார்க்கிறேன், நல்ல கருவிதான். ஆனால் அது காட்டுவது கணினி மாதிரியின் கணக்கு, அளந்த காற்று அன்று. அமெரிக்க மாதிரியும் ஐரோப்பிய மாதிரியும் உலகத்தைச் சில கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 மீட்டர் உயரத்துச் சராசரிக் காற்றைத் தருகின்றன. ஒரு மேகத் திரளின் அடியில் பாய்ந்து இறங்கும் சூறைக்காற்று ஒரு கட்டத்தைவிடச் சிறியது. படத்தில் அது அமைதியான நிறத்துக்குள் ஒளிந்துவிடும். அறிக்கையில் எழுதப்படும் 'இடையிடையே' வேகத்தைச் செயலியில் பார்க்க வேண்டுமானால் அதற்கென உள்ள வேறொரு அடுக்கைத் திறக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா காற்று' என்று கேட்டவர்களை அந்த வாரத்தில் சந்தித்தேன்.

நேரமும் முக்கியம். மாதிரிகளின் முதன்மை ஓட்டங்கள் நம் நேரப்படி காலை ஐந்தரை, மாலை ஐந்தரை நிலவரங்களிலிருந்து தொடங்குகின்றன. கணக்கு முடிந்து கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குப் படகு இறக்குமுன் பார்க்கிற படம் பெரும்பாலும் முந்தைய மாலையிலோ நள்ளிரவிலோ அளந்தவற்றின் பிள்ளை. நான் பார்த்த வரையில், ஃபெஞ்சல் நாட்களில் அடுத்தடுத்த ஓட்டங்கள் மையத்தை வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் கரையேற்றின. ஆனால் வடதமிழகக் கடலில் வாடை கடுமையாக இருக்கும் என்பதில் அவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை. மையத்தின் இடத்தையும் பெயரையும் கணிப்பதைவிடக் காற்றின் பரப்பைக் கணிப்பது அன்று எளிதாக இருந்தது. எளிதானதை விட்டுவிட்டுக் கடினமானதைப் பற்றியே ஊர் முழுக்க விவாதித்தோம்.

அளந்த காற்று வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளை வைத்திருக்கிறது. 2022 நவம்பர் 26-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் உள்ள காற்றளவி, கடற்பரப்பின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கிறது. மண்டலம் புயலானதா இல்லையா என்ற முடிவு இத்தகைய அளவீடுகள், மேகப் படங்கள், ரேடார் ஆகியவற்றைச் சேர்த்து எடுக்கப்படுகிறது.

அதே தேதி, ஏழாண்டுகளுக்கு முன்

ஃபெஞ்சல் கரையேறிய அதே நவம்பர் 30-இல், 2017-ஆம் ஆண்டு, ஓக்கி குமரிக்கடலில் புயலானது. முந்தைய நாள்தான் அது தாழ்வு மண்டலமாக அறியப்பட்டது. ஒரே நாளில் இரண்டு படிகள் ஏறிவிட்டது. கரையிலிருந்து நெடுந்தொலைவில் தங்கல் தொழிலில், அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதில், இருந்தவர்களுக்குச் செய்தி கொண்டுசேர்க்க வழியில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் திரும்பி வராதவர்களின் வீடுகளில் அந்தத் தேதி இன்றும் நினைவு நாள். கரையிலிருந்து தொலைவில் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி 2019-இல் அறிமுகமானது அந்த இழப்புக்குப் பிறகுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு செய்தி மேலே வருகிறது. ஓக்கியில் பெயர் வரும்முன் கடலை விட்டு வர நேரம் இல்லை. ஃபெஞ்சலில் பெயர் வரும்முன் மூன்று நாள் இருந்தது. இரண்டிலுமே பெயருக்காகக் காத்திருப்பவர் தவறான இடத்தில் காத்திருக்கிறார். 2024-இல் சென்னைப் படகுகள் கரையில் இருந்ததால் அந்தத் தவறு உயிரைக் கேட்கவில்லை. ஆனால் 28-ஆம் தேதி, 'வலுவிழக்கும்' என்ற சொல் பரவியவுடன், 'அப்படியென்றால் நாளைக்கு இறக்கலாமா' என்று என்னிடம் கேட்டவர் ஒருவர் இல்லை, நான்கு பேர். அன்று என் பலகையின் முதல் வரியும் 'வலுவிழக்கும்' என்றுதான் இருந்தது. வீச்சு எழுபதைத் தாண்டும் என்பது கீழே நான்காவது வரியில், சிறிய எழுத்தில்.

டிசம்பர் முதல் வாரத்தில் பலகையைத் துடைத்து வரிசையை மாற்றினேன். முதல் வரி காற்றின் திசை, சராசரி, இடையிடையே வரும் வீச்சு. இரண்டாம் வரி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது. மூன்றாம் வரி அலை உயரமும் விநாடியும். நான்காவது, எந்த நேரத்து நிலவரத்தைக் கொண்டு எழுதியது என்பது. தாழ்வு மண்டலமா, புயலா, அதன் பெயர் என்ன என்பது இப்போது கடைசி வரியில் இருக்கிறது.